மில்லியனுக்கு எத்தனை லட்சம்?

பி.ஆர். கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது என்று வீட்டில் சொன்னபோது அப்பா கேட்ட முதல் கேள்வி, "எந்தப் படத்துக்கு?"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நம் ஊரில் பி.ஆர்., அதாவது 'மக்கள் தொடர்பு' என்ற வார்த்தையைப் பெரும்பாலானவர்கள் முதலில் பார்த்தது சினிமா டைட்டிலில்தான். நடனம், சண்டைப் பயிற்சி, ஸ்டில்ஸ் எல்லாம் ஓடும்போது நடுவில் அப்படி ஒரு பெயர் வந்து போகும். 1958-ல் நாடோடி மன்னன் வெளியானபோது பிலிம் நியூஸ் ஆனந்தன் தொடங்கிவைத்த வேலை அது. அம்மாவுடைய கணக்கு வேறு. கலெக்டர் ஆபீசில் ஜீப்போடு இருக்கும் மக்கள் தொடர்பு அலுவலரைத்தான் அம்மாவுக்குத் தெரியும். "அதுக்கு டி.என்.பி.எஸ்.சி. எழுதணுமேடி, நீ எழுதவே இல்லையே, எப்படிக் கிடைச்சுது?" என்றார். இரண்டும் இல்லை, கம்பெனிகளுக்காகப் பத்திரிகைகளிடம் பேசுகிற வேலை என்று விளக்கினேன். அப்பா யோசித்துவிட்டு, "அதுக்குப் பேசாம விளம்பரம் குடுத்துடலாமே" என்றார். அதற்கு என்னிடம் அன்று பதில் இல்லை.

இது நடந்தது 2014 ஜூனில். விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) முடித்திருந்தேன். வகுப்பில் பாதிப் பேர் உதவி இயக்குநர் ஆகப் போனார்கள், மீதியில் பாதி எடிட்டிங். பி.ஆர். என்பது எங்களுக்கு ஒரு செமஸ்டரில் வந்து போன ஒரு பேப்பர், அவ்வளவுதான். அதில் பி.ஆர். தொழிலின் முன்னோடி ஐவி லீ பற்றிய கேள்வி நிச்சயம் வரும் என்று சீனியர்கள் சொல்லிவைத்திருந்ததால் அது மட்டும் மனப்பாடம். 1906 அக்டோபரில் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் ரயில் பாலத்திலிருந்து தண்ணீரில் விழுந்து ஐம்பது பேருக்கு மேல் செத்துப்போனார்கள். ரயில்வே கம்பெனிகள் விபத்தை மூடி மறைப்பதே வழக்கமாக இருந்த காலம். அந்த ரயில்வேக்காக வேலை பார்த்த ஐவி லீ நடந்ததை எழுதிப் பத்திரிகைகளுக்குத் தானே கொடுத்தார், நியூயார்க் டைம்ஸ் அதை அப்படியே அச்சிட்டது, உலகின் முதல் பிரஸ் ரிலீஸ் என்று அதைத்தான் சொல்வார்கள். இதை நான் பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். ஆனால் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு நிருபருக்குப் போன் பண்ணினால் ஏன் கடித்துக் குதறுகிறார் என்பதை எந்தப் பாடப் புத்தகமும் சொல்லித் தரவில்லை.

ஆபீஸ் நுங்கம்பாக்கத்தில், மூன்றாவது மாடி, மொத்தமே ஒன்பது பேர். சென்னையில் பி.ஆர். என்றால் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். பெரிய கம்பெனிகளின் பெரிய டீம்கள் மும்பையிலும் டெல்லியிலும் பெங்களூரிலும் இருக்கும், இங்கே இருப்பது கிளை, அல்லது எங்களைப் போல உள்ளூர்க் கடை. சின்ன இடமாக இருந்ததில் எனக்கு லாபம்தான், எல்லா வேலையும் தலையில் விழுந்தது. சம்பளம் கையில் 11,000. அதில் ரயில் சீசன் டிக்கெட், மதியச் சாப்பாடு போக வீட்டுக்குக் கொடுக்க மிஞ்சியதை எண்ணிச் சொன்னால் அழுகை வரும், விடுங்கள். ஆபீசில் எல்லோரும் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வார்கள். நான் பிளஸ் டூ வரை குரோம்பேட்டையில் தமிழ் மீடியம். முதல் வாரம் டீ வேண்டுமா என்று கேட்டால்கூட மனதுக்குள் ஒரு வாக்கியம் கட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பேன்.

கொடுத்த முதல் வேலை பேப்பர் வெட்டுவது. நிஜமாகவே கத்தரிக்கோலால். ஏழரைக்கு ஆபீசில் இருக்க வேண்டும், வாசலில் கட்டாகக் கிடக்கும் தினத்தந்தி, தினமலர், தினமணி, தினகரன், அப்போது வந்து ஒரு வருடம்கூட ஆகாத தமிழ் இந்து, அப்புறம் ஆங்கிலப் பேப்பர்கள், பிசினஸ் பேப்பர்கள், எல்லாவற்றையும் தரையில் பரப்பி உட்கார்ந்து கிளையன்ட் பெயர், போட்டிக் கம்பெனி பெயர், அந்தத் தொழில் பற்றிய செய்தி எதுவாக இருந்தாலும் வெட்டி, ஏ4 தாளில் ஒட்டி, மேலே பேப்பர் பெயர், பதிப்பு, தேதி, பக்கம் எழுதி, ஸ்கேன் எடுத்து ஒன்பதரைக்குள் கிளையன்ட்டுக்கு மெயில் போக வேண்டும். விரல் நுனி எப்போதும் கறுப்பாக இருக்கும், அதே கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மீட்டிங்குக்குப் போன நாட்கள் உண்டு. படிச்ச பொண்ணு பேப்பர்காரர் வேலை பார்க்கிறோமே என்று தோன்றும். மூன்று மாதம் கழித்துத்தான் புரிந்தது, அந்தத் தரையில் உட்கார்ந்துதான் தொழிலைக் கற்றிருக்கிறேன் என்று. எந்தப் பேப்பர் கம்பெனிச் செய்தியை எந்தப் பக்கத்தில் போடும், எது ஆஸ்பத்திரிச் செய்திக்குப் படம் போடும், எது போடாது, மதுரைப் பதிப்பில் வந்தது ஏன் சென்னையில் வரவில்லை, இதெல்லாம் யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருகிற விஷயம் இல்லை.

ஆங்கிலப் பேப்பரில் ஒரு வசதி, செய்தியின் தலையில் எழுதியவர் பெயர் இருக்கும். ஆறு மாதம் படித்தால் யார் மருத்துவம், யார் ரியல் எஸ்டேட் என்று தெரிந்துவிடும். தமிழ்ப் பேப்பரில் பெரும்பாலும் 'நமது நிருபர்'. அந்த நமது நிருபர் யார் என்று கண்டுபிடிக்க நான் பட்ட பாடு இருக்கிறதே! பேப்பர் ஆபீசில் செய்திகளைத் தொகுக்கிற டெஸ்குக்குப் போன் போட்டு, "சார், நேத்து எட்டாம் பக்கம் அந்த டயாலிசிஸ் செய்தி எழுதினது யாருன்னு தெரிஞ்சுக்கலாமா?" என்று கேட்டால், "எதுக்கும்மா, கேஸ் போடப் போறீங்களா?" என்பார்கள். அப்படி ஒவ்வொன்றாகச் சேர்த்த பெயர்களை ஒரு நோட்டில் எழுதிவைத்தேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது, அதில் உள்ளவர்களில் பாதிப் பேர் வேலையே மாறிவிட்டார்கள்.

மாதக் கடைசியில் இன்னொரு கூத்து. வெட்டி ஒட்டிய செய்திகளை ஸ்கேல் வைத்து அளப்போம். இத்தனை சென்டிமீட்டர் உயரம், இத்தனை பத்தி அகலம், அந்தப் பேப்பரில் அவ்வளவு இடத்துக்கு விளம்பரக் கட்டணம் எவ்வளவு, பெருக்கு. செய்தியை மக்கள் விளம்பரத்தைவிட அதிகம் நம்புவார்கள் என்று சொல்லி வந்த தொகையை இன்னொரு மூன்றால் பெருக்கு. இதற்குப் பெயர் ஏ.வி.இ., அதாவது விளம்பரத்துக்கு ஈடான மதிப்பு. அப்பா கேட்ட அதே கேள்விதான், கோட்டு போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. 2010-லேயே பார்சிலோனாவில் இந்தத் தொழில்காரர்கள் கூடி, விளம்பர மதிப்பு என்பது பி.ஆரின் மதிப்பு ஆகாது என்று எழுதிவைத்துவிட்டார்கள். அது நுங்கம்பாக்கம் வந்து சேரவில்லை. கிளையன்ட்டுகளுக்கு எக்செல்லில் கடைசி வரியில் ஒரு பெரிய தொகை இருந்தால்தான் மனம் ஆறும். நானும் ஸ்கேலும் கையுமாக ரூபாய்க் கணக்குப் போட்டுக் கொடுத்தேன், என்ன செய்ய.

நான்காவது மாதம் போன் வேலை வந்தது. ரிலீஸை யாருக்கெல்லாம் அனுப்பினோமோ அந்த நிருபர்களுக்கெல்லாம் போன் போட்டு, "வந்துதா சார்?" என்று கேட்க வேண்டும். இதைவிட மோசமான ஒரு கேள்வியை நிருபரிடம் கேட்க முடியாது என்று இப்போது தெரியும். அவருக்கு ஒரு நாளைக்கு இப்படி எத்தனை போன் வரும்! அன்றைக்கு ஒரு தமிழ் நாளிதழ் நிருபர் கொஞ்சம் பொறுமைசாலி.

"வந்துச்சும்மா. ஒண்ணும் புரியல. தமிழ்ல அனுப்பு."

"தமிழ்லதான் சார் அனுப்பியிருக்கேன்."

"அது தமிழா?"

போனை வைத்துவிட்டு அந்த ரிலீஸை எடுத்துப் படித்தேன். அதுவரை நான் அதை அனுப்பியிருக்கிறேனே தவிரப் படித்ததில்லை. 'முன்னணி நீர் மேலாண்மைத் தீர்வுகள் வழங்குநரான' என்று ஆரம்பித்து, 'தனது அதிநவீன உற்பத்தி வசதியின் துவக்கத்தை அறிவிப்பதில் பெருமிதம் கொள்கிறது' என்று முதல் வாக்கியம் முடிய ஆறு வரி. வெளியில் ஒருவருக்கு வார்த்தைக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து மொழிபெயர்த்து வாங்குவார்கள், ஆபீசில் அதை யாரும் படிப்பதில்லை, ஏனென்றால் யாருக்கும் தமிழ் சரளமாகப் படிக்க வராது. விஷயம் என்னவென்றால் தண்ணீர் சுத்தம் செய்யும் கருவி தயாரிக்கிற கம்பெனி அம்பத்தூரில் புது ஃபேக்டரி கட்டுகிறது, 300 பேருக்கு வேலை கிடைக்கும். அந்த 300 பேர் மூன்றாவது பத்தியில் ஒளிந்துகொண்டிருந்தார்கள்.

யாரிடமும் கேட்காமல் உட்கார்ந்து எழுதினேன். 'அம்பத்தூரில் தொடங்கப்படும் புதிய ஆலையில் 300 பேருக்கு வேலை கிடைக்கும்' என்று முதல் வரி. யாருக்கு வேலை, ஐ.டி.ஐ. படித்தவர்களுக்கா, எப்போது ஆள் எடுப்பார்கள் என்று கிளையன்ட் ஆபீசுக்குப் போன் போட்டுக் கேட்டு இரண்டாவது வரி. பெருமிதம் கொள்வதை வெட்டி எறிந்தேன். மொத்தம் பதினைந்து வரி. அதே நிருபருக்கு மறுபடி அனுப்பினேன், போன் பண்ணவில்லை. மறுநாள் காலை தரையில் பேப்பர் பரப்பினபோது அது இருந்தது, நான் எழுதிய வரியே தலைப்பாக. கத்தரிக்கோலை எடுக்க மனசே வரவில்லை. மேடம் (எங்கள் முதலாளி, ஆங்கிலப் பத்திரிகையில் பல வருடம் இருந்துவிட்டு வந்தவர்) படித்துப் பார்த்து, "யார் எழுதினது?" என்றார். அன்றிலிருந்து தமிழ் ரிலீஸ் எல்லாம் என் மேஜைக்கு வந்தன. தமிழ் மீடியம் என்று நான் கூச்சப்பட்டுக்கொண்டிருந்த ஒன்றுக்கு அந்த ஆபீசில் ஒரு நாற்காலி கிடைத்தது.

தமிழில் ரிலீஸ் எழுதுவது சுலபம் என்று நினைப்பவர்கள் ஒரு பெயர்ப் பட்டியலை எடுத்து எழுதிப் பார்க்கட்டும். ஆங்கிலத்தில் கே-ஏ-எல்-ஏ என்று இருந்தால் அது கலாவா, காலாவா? ல-வா ள-வா? போன் போட்டுக் கேட்கத்தான் வேண்டும். ஒரு கம்பெனி எம்.டி.யின் பெயரில் ண-வுக்கு ன போட்டுவிட்டேன், அவர் கண்டுகொள்ளவில்லை, அவருடைய மாமனார் பேப்பரைப் பார்த்துவிட்டு ஆபீசுக்கே போன் செய்துவிட்டார். ஆஸ்பத்திரிக் கிளையன்ட் என்றால் இன்னும் கஷ்டம். சென்னையில் பி.ஆர். பார்ப்பவர்கள் ஆஸ்பத்திரியைத் தொடாமல் இருக்க முடியாது. ஒரு முறை வெளியிலிருந்து வந்த மொழிபெயர்ப்பில் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை மண்ணீரல் மாற்றாக ஆகியிருந்தது. நல்ல வேளை, அனுப்புவதற்கு முன் பார்த்தேன். டாக்டரிடம் காட்டினால் அவர், "எனக்குத் தமிழ்ப் பேர் எது எதுன்னு குழப்பம்மா, நீயே பாத்துப் போடு" என்கிறார். பெரிய கை, ஆயிரம் ஆபரேஷன் பண்ணியவர்!

இப்படிக் கொஞ்சம் தலை கனத்திருந்த நேரத்தில்தான் அது நடந்தது. வெளிநாட்டுத் தலைமையகம் உள்ள ஒரு கம்பெனி. ஆங்கில ரிலீஸில் இந்தியாவில் 5 மில்லியன் வாடிக்கையாளர்கள் என்று இருந்தது. நான் தமிழில் 5 லட்சம் என்று எழுதினேன். ஏன் எழுதினேன் என்று இன்று வரை தெரியாது. மில்லியன் என்றால் பத்து லட்சம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. மணி நாலரை, வெளியூர்ப் பதிப்புகளுக்குப் பக்கம் முடிக்கிற நேரம் நெருங்கிவிட்டது, டெஸ்கிலிருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டது, கை எழுதிவிட்டது. ஐம்பது லட்சம் பேரில் நாற்பத்தைந்து லட்சம் பேரை ஒரே வரியில் காணாமல் அடித்துவிட்டேன். மூன்று பேப்பரில் வந்தது. கிளையன்ட்டுக்குத் தமிழ் தெரியாது, கிளிப்பிங்கைப் பார்த்து சந்தோஷமாக நன்றி மெயில் போட்டார். மத்தியானம் மதுரையிலிருந்து அவர்களுடைய டீலர் ஒருவர் போன். "ஏங்க, நாம அஞ்சு லட்சம் பேர்தானா? போன வருஷம் மீட்டிங்ல வேற சொன்னீங்களே?"

கை கால் நடுங்கியது. நிருபர்களுக்குப் போன் போட்டேன். ஒருவர், "நீ அனுப்பினதைத்தானம்மா போட்டோம்" என்றார், அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது. இன்னொருவர் மறுநாள் ஒரு மூலையில் திருத்தம் போட்டார். மூன்றாமவர் எடுக்கவே இல்லை. மேடம் திட்டவில்லை. கிளையன்ட்டுக்குத் தவறு எங்களுடையது என்று அவர்களாகக் கேட்பதற்கு முன்னாலேயே என்னை வைத்தே மெயில் எழுத வைத்தார். அப்புறம் எழுந்து போய் ஒயிட்போர்டில் பெரிதாக எழுதினார்: 1 மில்லியன் = 10 லட்சம். 10 மில்லியன் = 1 கோடி. 1 பில்லியன் = 100 கோடி. ஆபீஸ் மாறுகிற வரைக்கும் அதை யாரும் அழிக்கவில்லை. தினமும் அதைப் பார்த்துக்கொண்டேதான் டீ குடித்தேன்.

பிரஸ் மீட் பற்றி நிறையப் பேர் கேட்பதால் கொஞ்சம். காலை பதினொன்றுக்கு வையுங்கள். மாலைப் பத்திரிகைகளுக்கு அதுவே தாமதம், காலைப் பத்திரிகைக்காரர்களுக்குத் திரும்பிப் போய் எழுத நேரம் கிடைக்கும். இடம் நுங்கம்பாக்கம், தி.நகர், ராதாகிருஷ்ணன் சாலை, இந்தச் சுற்றுவட்டாரத்துக்குள். ஐ.டி. கம்பெனிக் கிளையன்ட்டுகள் சோழிங்கநல்லூரில் எங்கள் சொந்த கேம்பஸிலேயே வைக்கலாமே, அழகாக இருக்கிறது என்பார்கள். அழகாகத்தான் இருக்கும், நிருபர்தான் இருக்க மாட்டார். சேப்பாக்கத்தில் ஒரு ஆர்ப்பாட்டம், எழும்பூரில் ஒரு நிகழ்ச்சி, இரண்டுக்கும் நடுவில் பைக்கில் ஓடுகிற போட்டோகிராபர் ஓ.எம்.ஆர். கடைசிக்கு வருவாரா? தேதி குறிக்கும் முன் சட்டசபை இருக்கிறதா, பெரிய வழக்கில் தீர்ப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆயுத பூஜை, பொங்கல் மாதிரி நாட்களில் பத்திரிகை ஆபீசுக்கே லீவு, மறுநாள் பேப்பரே வராது. இது தெரியாமல் பெங்களூர் ஆபீசிலிருந்து ஒருவர் ஆயுத பூஜையன்று ரிலீஸ் அனுப்பிவிட்டு மறுநாள் காலை எனக்குப் போன் போட்டுக் கவரேஜ் கேட்டார். பொரி கடலை இருக்கிறது, அனுப்பட்டுமா என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை.

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது ஒரு கடைக்காரக் கிளையன்ட், வருடக் கடைசித் தள்ளுபடி ரிலீஸை அந்த வாரமே அனுப்பச் சொன்னார். டிசம்பர் 2 அன்று சென்னையில் ஆங்கில இந்து பேப்பரே அச்சாகவில்லை, 1878-ல் ஆரம்பித்ததிலிருந்து அப்படி நடந்ததே இல்லை, அச்சகத்துக்கு ஆட்கள் போக முடியாத அளவுக்குத் தண்ணீர். "ஜனங்க கட்டில் மேல டி.வி.யத் தூக்கி வெச்சிட்டு உக்காந்திருக்காங்க, நாம புது டி.வி. விக்கறோமா?" என்று மேடம் மறுத்துவிட்டார். கிளையன்ட் விடவில்லை, சரி, நாங்கள் போர்வை கொடுக்கிறோம், அதையாவது போட்டோ எடுத்து அனுப்புங்கள் என்றார். "போர்வை குடுங்க. போட்டோ வேண்டாம்." அந்த மாத ரிடெய்னர் (கிளையன்ட் மாதாமாதம் தருகிற கட்டணம்) வருவதற்கு மார்ச் ஆனது. அப்போது எனக்கு மேடம் மேல் கோபம், சம்பளம் தள்ளிப்போனதால். அந்த வாரம் எங்களிடமிருந்து ஒரு மெயில்கூட வரவில்லை என்பதை ஒரு சீனியர் நிருபர் பல மாதம் கழித்து என்னிடம் சொன்னார், அவர் இன்பாக்ஸில் மற்றவர்களுடைய தள்ளுபடி மெயில்கள் எல்லாம் இருந்தனவாம்.

இப்போது காலேஜ் முடித்துவிட்டு வருகிறவர்களிடம் ஏன் பி.ஆர். என்று கேட்டால், பத்துக்கு எட்டுப் பேர் சொல்வது, "நான் நல்லா பேசுவேன்க்கா." நல்லா பேசுகிறவர்கள் மூன்றாவது மாதம் ஓடிப்போனதை நிறையப் பார்த்திருக்கிறேன். தமிழ்ப் பேப்பர் ஒன்று, ஆங்கிலப் பேப்பர் ஒன்று ஆறு மாதம் விடாமல் படித்தவர் என்றால் வாயே திறக்க வேண்டாம், உடனே வரச் சொல்வேன். ஆங்கிலம் வராது என்று பயப்படுகிறவர்களிடம், பிசினஸ் பக்கத்தைத் தினம் ஒரு செய்தி என்று கையால் எழுதிப் பார்க்கச் சொல்கிறேன். தாம்பரம் லோக்கலில் லேடீஸ் பெட்டியில் நின்றுகொண்டே நான் கற்றது அப்படித்தான். இன்டர்ன்ஷிப்புக்குக் காசே தர மாட்டோம், அனுபவம்தான் சம்பளம் என்று சொல்கிற இடத்துக்குப் போகாதீர்கள். பஸ் கண்டக்டர் அனுபவத்தை வாங்கிக்கொண்டு டிக்கெட் கொடுப்பதில்லை.

ஸ்கேன் எல்லாம் போய்விட்டது, இ-பேப்பர் வந்துவிட்டது, பேட்டிக்கு ரேட் கார்டு அனுப்புகிற யூடியூப் சேனல்கள் வந்துவிட்டன. ஆனால் கம்ப்யூட்டரே மொழிபெயர்த்துக் கொடுக்க ஆரம்பித்த பிறகு அந்த 'தீர்வுகள் வழங்குநர்' திரும்பி வந்துவிட்டார், முன்னைவிட வேகமாக, பிழையில்லாமல், அதே பெருமிதத்தோடு. அதனால் வேலைக்கு எடுக்கும்போது நான் வைக்கிற பரீட்சை ஒன்றே ஒன்று. ஆங்கிலத்தில் ஒரு பக்க ரிலீஸ், ஒரு பேனா, வெள்ளைத் தாள், முக்கால் மணி நேரம், போனை என் மேஜையில் வைத்துவிட வேண்டும். தமிழில் பதினைந்து வரியில் எழுதித் தர வேண்டும். எந்த ரிலீஸ் என்று சொல்லத் தேவையில்லை, கம்பெனி பெயரை மட்டும் அடித்துவிட்டு இத்தனை வருடமும் அதையேதான் கொடுக்கிறேன்.

போன மாதம் செய்யாறிலிருந்து ஒரு பையன் வந்திருந்தான், பி.ஏ. தமிழ். இருபது நிமிடத்தில் எழுந்து வந்தான். முடிச்சுட்டியா என்றால் இல்லை என்றான். தாளில் ஒரு இடத்தில் வட்டம் போட்டிருந்தான்.

"மேடம், இது அம்பது லட்சம்தானே? கம்பெனிக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்கலாமா?"

திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டேன். மீதியை அவன் எழுதவே இல்லை.